அண்ணனைத் தடுத்த போன்

அப்பா இறந்த அன்று, வெளிநாட்டிலிருந்து அண்ணன் விடாமல் செய்த அழைப்புகளையெல்லாம் மோசடிக்காரர்களுடையவை என்று என் போன் ஒதுக்கி வைத்தது. அப்படி ஒதுக்கும்படி அதை அமைத்து வைத்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில், "தெரியாத நம்பர் வந்தா எடுக்காதீங்க" என்று எல்லோருக்கும் வகுப்பெடுப்பவன் நான். புத்தகம் படிக்கிறவன் என்பதால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அண்ணன் வளைகுடா நாடொன்றில் வெல்டர். நாமெல்லாம் இலவசமாக முகம் பார்த்துப் பேசும் செயலிகளில் அவன் இருக்கும் இடத்திலிருந்து செய்தி வரும், பேச்சு வராது; அந்த நாட்டில் அதற்குத் தடை. சாதாரண ஐஎஸ்டியில் பேசினால் நலம் விசாரிப்பதற்குள் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். ஆகவே பலநாள் ஆராய்ந்து ஓர் ஆப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவன் பக்கம் இணையம் இருந்தால் போதும், இந்தப் பக்கம் எந்த ஓட்டை போனிலும் மணி அடிக்கும். செலவும் குறைவு. ஒரே ஒரு விஷயம், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வரும். வெள்ளிக்கிழமைதோறும் பாகலூர் வீட்டில் அம்மாவின் பட்டன் போனுக்கு அழைப்பான். அம்மா எண்ணைப் பார்ப்பதில்லை, அடித்தால் எடுப்பார். என் போனுக்கு அவன் அந்த ஆப்பில் அழைக்கவேண்டி வந்ததே இல்லை.

அப்பா காலையில் போனார். குடும்பக் குழுவில் செய்தி போட்டேன். அண்ணனால் வர முடியாது. விசா புதுப்பிக்க அவனுடைய பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. எங்கள் பங்காளிகள் வழக்கத்தில், தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் இளையவன் வைக்கலாம். ஆனால் மூத்தவன் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும், பங்காளிகள் கேட்க வேண்டும். பெரியப்பா அதில் கறார்.

"ஏம்ப்பா, பெரியவன் என்னா சொல்றான்?"

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கறன் பெரியப்பா. பிஸின்னு வருது."

"அப்பன் செத்துக் கெடக்கறான். இவன் யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கறான்?"

என்னிடம்தான் பேச முயன்றுகொண்டிருந்தான். அது அப்போது எனக்குத் தெரியாது. அவன் என்னை அழைக்க, நான் அவனை அழைக்க, இரண்டும் நடுவழியில் முட்டிக்கொண்டு நின்றன. குழுவில் "ஆழ்ந்த இரங்கல்" குவிந்ததில், அவன் அனுப்பிய "போனை எடுடா" எங்கோ அடியில் போயிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் டவர் தமிழ்நாடு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனால் கர்நாடகம். நான் இரண்டு மாநிலங்களுக்கும் நடந்தேன். கொட்டகைப் பக்கம் போனுக்குள்ளிருந்து ஒரு பெண் கன்னடத்தில் மரியாதையாக ஏதோ வருத்தம் தெரிவித்தாள். அன்று கேட்ட இரங்கல்களில் அது ஒன்றும் மோசமானதல்ல.

வெயில் சாய்ந்தது. பாடை கட்டி முடித்திருந்தார்கள்.

"பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்தாகணும்," என்றார் பெரியப்பா. "அவன் சொல்லாட்டியும் நீயே வை. அப்பன்மேல அவனுக்கு அவ்ளோதான் பாசம்னு நெனச்சுக்க."

நான் தலையாட்டினேன். கூட்டத்தில் பலரும் ஆட்டினார்கள்.

அப்போதுதான் சமையலறையில், அரிசி டப்பாவின் மேல் அம்மாவின் போன் அடித்தது. அண்ணன்தான். அம்மா இருக்கும் நிலையில் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று அதுவரை விட்டுவைத்திருந்தானாம். அத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வைடா. நீயே வை," என்றான். எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போனை அப்பா பக்கத்துல வை," என்றான் அடுத்து.

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தேன். "அப்பா," என்றான்.

"லைன் போயிடுச்சா?" என்றது பின்னால் ஒரு குரல்.

போகவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. இரைச்சல் இல்லை, விட்டுவிட்டு வரவும் இல்லை. கடல் கடந்து இவ்வளவு துல்லியமாக வருகிறதே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது மட்டும்தான். பிறகு கொள்ளி வைத்தேன், குளித்தேன், கொடுத்ததைச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை.

அன்று இரவு போனைத் துழாவியபோதுதான் ஒதுக்கி வைக்கப்பட்ட எண்கள் கண்ணில் பட்டன. ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒன்றுபோல் ஒன்றில்லாமல் இருந்தன. எல்லாவற்றின் பக்கத்திலும் சிவப்பாக ஓர் எச்சரிக்கை.

பாஸ்போர்ட் கைக்கு வந்து, கருமாதிக்கு அண்ணன் வந்து சேர்ந்தான். இலையில் உட்கார்ந்திருந்தவனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். எண் ஏன் மாறுகிறது, என் போன் அதை ஏன் சந்தேகப்பட்டது, பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று ஷிப்ட் கூட்டத்தில் பேசுவதுபோல வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பு கேட்பதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். அவன் ரசத்தைப் பிசைந்தபடி பொறுமையாகக் கேட்டான்.

"ஆப் நல்லாத்தான்டா இருக்குது," என்றான். "நீதான் எடுக்கல."