செத்த காலேஜுக்குப் போன பகல்

டிராம் வண்டியின் தலைக்கு மேலே கம்பி உரசும்போது நீலமாக ஒரு பொறி தெறிக்கும். அதோடு சேர்ந்து, தீபாவளிக்குக் கேப்பு வெடித்த இடத்தில் வருமே, அதுபோல ஒரு கரிந்த வாடை மூக்கில் ஏறும். சென்னைப் பட்டணம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது அந்த வாடைதான்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பட்டணம் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலர். டிராம், கடற்கரை, "செத்த காலேஜ்", "உயிர் காலேஜ்" என்று எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். எழும்பூரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஊர்ப்புறத்து ஜனங்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இரண்டையும் பார்க்காமல் வந்தவனை, "பட்டணம் போயி என்னத்தடா பாத்த, ரயில் டேசனையா?" என்று சந்தையில் வைத்துக் கேலி செய்வார்கள்.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. என் அண்ணன் கருப்பையா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். சண்டை வந்து, ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்ற பேச்சு வந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த மாசி மாதத்தில், ரங்கூன்காரர்கள் கப்பல் கப்பலாகப் பட்டணத்தில் வந்து இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பா நெல்லை விற்று ரயிலுக்கு வழி செய்தார். ஆத்தாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வீட்டில் விட்டுப்போக ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அண்ணன் கப்பல் ஏறியபோது நான் கைக்குழந்தை. அவர் முகம் எனக்குத் தெரியாது. இதை யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

மண்ணடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சுப்பையா சித்தப்பா, அப்பாவுக்குப் பங்காளி முறை, தன் ஒற்றை அறையில் எங்களுக்கு இடம் கொடுத்தார். விடிந்ததும் நாங்கள் துறைமுகத்து வாசலுக்குப் போய்விடுவோம். எங்களைப் போலவே ராமநாதபுரம், தஞ்சாவூர் ஜனங்கள் அங்கே வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். கேட்டால் போலீஸ்காரர் கம்பைத் தரையில் தட்டி, "அந்தாண்ட போ" என்பார். அப்பா அங்கிட்டு நகர்ந்து நிற்பார். போலீஸ்காரர் தலை திரும்பியதும் பழையபடி இங்கிட்டு வருவார். எங்கள் ஊரில் எதற்கும் குரல் உயர்த்திப் பேசுகிற மனிதர், அங்கே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலங்களில் சித்தப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மாங்காய்த் துண்டு போட்ட பட்டாணிச் சுண்டலும், கோலி அடைத்த "கலரும்" வாங்கிக் கொடுப்பார். நான் குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் அவர் சிரிப்பார். ஆத்தா தின்னமாட்டாள். அலையைப் பார்த்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணியில எங்கிட்டுன்னு தேடுறது?" என்பாள்.

ஒருநாள் காலை, துறைமுகத்து ஆள் ஒருவர் இரக்கப்பட்டு, "இன்னைக்குக் கப்பல் கெடையாது, நாளைக்கு வாங்க" என்று சொன்னார். சித்தப்பாவுக்கு அன்று அரை நாள் வேலை இல்லை.

"வாங்க மதினி, இங்க குந்தி வெயிலக் குடிச்சா கப்பல் வெரசா வந்துருமா? காலேஜ் ரெண்டையும் பாத்துட்டு வந்துருவோம். நாளைக்கு ஒங்க மகன் வந்து கேப்பான்ல, என்னத்தப் பாத்தீகன்னு" என்றார்.

மகன் கேட்பான் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் ஆத்தா எழுந்தாள்.

டிராமில் ஏறிப் போனோம். செத்த காலேஜில் கூரை உயரத்துக்குத் தொங்கிய திமிங்கிலத்தின் எலும்பையும், கண்ணாடிக் கண் வைத்த புலியையும் கண்டு நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆத்தாகூட, "பாவம், இந்த மானு நேத்துச் செத்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். சித்தப்பா ஏதோ தன் சொந்தக் கொல்லையைக் காட்டுவதுபோல முன்னால் நடந்துகொண்டிருந்தார். அடுத்த கூடத்தில் திரும்பியதும் ஆத்தா நின்றுவிட்டாள். அங்கே ஒரு பெரிய மண் தாழி, அதற்குள்ளே இருந்து எடுத்த மண்டையோடு, எலும்பு.

எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் ஏர் ஓட்டும்போது சில இடங்களில் கொழு "டொக்"கென்று தாழியில் இடிக்கும். முன்காலத்து மனிதர்களை வைத்துப் புதைத்தது. இடித்தால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். ஊற்றாமல் எந்த நல்ல காரியத்துக்கும் போவதில்லை; குழந்தையைக்கூடத் தொடமாட்டார்கள்.

"எழவு வீட்டுக்குல்ல கூட்டியாந்துட்டீக, கொழுந்தனாரே" என்றாள் ஆத்தா.

சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "அது எந்தக் காலத்து ஆளோ மதினி, காஞ்சு போன எலும்புக்கு ஏது தீட்டு? வாங்க, உயிர் காலேஜுக்குப் போனா எல்லாம் சரியாப் போயிரும். சிங்கம் இருக்கு" என்று கெஞ்சினார். ஆத்தா கேட்கவில்லை. சித்தப்பா எங்களை மண்ணடியில் விட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, மூட்டை தூக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டில் பல குடித்தனங்களுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே குழாய். தண்ணீர் நூல்போல வந்தது. குடம் வைத்திருந்த பெண்கள், "வரிசைல வையம்மா, ஊருக்குப் புதுசா நீ?" என்று அதட்டினார்கள். ஆத்தா வாளியைக் கடைசியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ கத்திக்கொண்டு போனார்கள்: "ரங்கூன் கப்பல் வந்துருச்சு!"

அப்பா துள்ளி வாசலுக்குப் போனார். "ஏய், வா! கெளம்பு!"

"தீட்டோட போயி எம்புள்ள முன்னாடி நிக்கவா? நான் வரமாட்டேன். நீங்களும் அந்த எலும்பப் பாத்தவுகதான்."

"வந்தவன் காணாமப் போயிருவான்டி!"

"தொட்டு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அப்பா வாசல்படியில் ஒரு காலை வைத்தார், தெருவைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அவரும் எங்கள் மண்ணில் ஏர் பிடித்தவர்தானே. காலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, வாளிக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பெண்களிடம், "தாயி, கொஞ்சம் விட்டுக் குடுங்க, மகன் கப்பல்ல வந்திருக்கான்" என்று கேட்டால் விட்டிருப்பார்கள். அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எங்கள் முறை வரும்வரை மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஈரத்தலையோடு துறைமுகத்துக்கு ஓடியபோது வாசல் வெறிச்சென்று இருந்தது. வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய தொண்டர்கள் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒரு பையன் யோசித்து, "புதுக்கோட்டைச் சீமைக்காரங்க சில பேரு எறங்குனாங்க. ரயில் ஏத்தி விட்டாச்சு. அதுல ஒரு எளவட்டம் இருந்துச்சு" என்றான். பேர் அவனுக்குத் தெரியவில்லை.

ஆத்தாவுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த ரயிலிலேயே கிளம்பினோம். வழியெல்லாம், வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது, கோழியை அடிப்பதா, மொச்சைக் குழம்பு வைப்பதா என்று பேசிக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழைந்தபோது எதிரே வந்தவர்கள், "என்ன, கருப்பையா வந்துட்டானா?" என்று எங்களைக் கேட்டார்கள். வீட்டுப் பூட்டு நாங்கள் பூட்டியபடியே தொங்கியது.

அந்தக் கப்பலில் வந்தவர்கள் கீரனூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இல்லை, காட்டு வழியாக நடந்து வந்த கூட்டத்தில் அண்ணனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். எதுவும் உறுதியில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஏரில் விட்டார். "பெரியவன் வந்துட்டா நீ மறுபடி படிக்கப் போகலாம்" என்றார். உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

அப்பா இறந்தபோது கொள்ளி வைக்கும் பேச்சு வந்தது. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். ஊர்ப் பெரியவர்கள் தயங்கி, "மூத்தவன் இல்லேன்னு ஆயிப்போச்சு, சின்னவனே..." என்று சொல்லி முடிக்கும் முன் ஆத்தா எழுந்துவிட்டாள். "யாரு இல்லேன்னது? பெரியவன் வர்ற வரைக்கும் சின்னவன் புடிக்கட்டும்" என்றாள். வேறொருவர் இடத்தில் நிற்கிறவன்போல நான் கொள்ளியை வாங்கினேன்.

இப்போது ஆத்தாவும் இல்லை. டிராம் இல்லை, தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துவிட்டார்கள். ரங்கூன் போய்ச் சம்பாதிக்கிற பேச்சு எங்கள் பக்கத்தில் அடியோடு நின்றுவிட்டது. செத்த நாள் தெரியாததால் அண்ணனுக்குத் திதி கொடுப்பதில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பட்டணம் போனவன், யாரிடமும் சொல்லாமல் துறைமுகத்து வாசலுக்குப் போய் நின்றேன். காவல்காரர் நல்ல மனிதர். வெகுநேரம் நிற்கிறேனே என்று பக்கத்தில் வந்து, "யாரைப் பார்க்கணும் பெரியவரே?" என்று கேட்டார். சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.