டச்சம்மாவுக்குப் பிடித்த கை

போன சனிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு பதுளை மைதானத்தில் கார்னிவல் பார்க்கப் போனேன். அங்கே ஒரு மட்டக்குதிரை. ஒரு சுற்றுக்கு ஒரு டிக்கட். பேத்தி ஏறினாள். குதிரை அசையவில்லை. குதிரைக்காரர் தட்டினார், அதட்டினார், கடைசியில் பிரம்பையே எடுத்துவிட்டார். பேத்தியோ பயத்தில் கடிவாளத்தை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையை விடும்மா... கொஞ்சமா விடு" என்றேன்.

விட்டாள். குதிரை நடந்தது.

"ஐயாவுக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?" என்று குதிரைக்காரர் ஆச்சரியப்பட்டார்.

தெரியும். என் வாழ்நாளில் ஒரே ஒரு குதிரையை. வாரா வாரம் இந்தப் பத்தியில் பஸ், ரயில், என் சர்க்கரை வியாதி என்று எதையெதையோ உங்களிடம் புலம்பியிருக்கிறேன். அவளைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் மனசு கனத்துவிடும்... எழுந்துவிடுவேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சர். லயன் வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் சனங்களுக்கு 'டாக்டரய்யா'. மருந்து கலக்குகிறவனை டாக்டர் ஆக்கிவிடும் தாராள மனசு வேறு எங்கே உண்டு? எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு பெண் குதிரை இருந்தது. டச்சஸ் என்று பெயர் வைத்திருந்தார். சனங்கள் அவளை டச்சம்மா ஆக்கிவிட்டார்கள்.

அவளைப் பார்த்துக்கொண்டவன் முத்துவேல். என் வயதுக்காரன். துரை குதிரையில் போவார். முத்துவேல் பின்னாலேயே ஓடுவான். ஏற்றமோ மழையோ — ஓட வேண்டும். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தை வாங்கிக்கொள்ள அவன் தயாராக நிற்க வேண்டும். ஆனால் குதிரைக்காரன் குதிரையில் ஏறக் கூடாது. அதுதான் தோட்டத்து வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சீமைக்குத் திரும்பும் துரைமார் சிலர், போவதற்கு முன் தங்கள் குதிரையையும் நாயையும் சுட்டுவிடுவார்கள். வேறு கையில் சிக்கி அடிபடக் கூடாதாம்! அன்புதான். இப்படியும் ஓர் அன்பு.

எங்கள் துரையும் ஊருக்குப் போகப் போகிறார் என்று பேச்சு அடிபட்ட வாரம், முத்துவேல் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றான்.

"என்ன முத்துவேல், காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லீங்கய்யா. டச்சம்மாவச் சுடப் போறாங்க. நீங்க ஏறப் பழகுங்க. மேக்கணக்குக்கு நடந்துதானே போறீங்க? ஏற ஒரு ஆள் இருந்தா தொரை விட்டுட்டுப் போவாருங்க."

மேக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் டிவிஷன். ஜீப் போக ரோடு கிடையாது. நோயாளி அங்கே படுத்தால் நான் மருந்துப் பெட்டியோடு மலையேறுவேன்.

"நீ சொல்லிக் குடுப்பியா?"

"எனக்கு ஏறத் தெரியாதுங்களே. பின்னாடி ஓடத்தான் தெரியும்."

துரையிடம் போய்க் கேட்டேன். துரைமார் கற்கும் தமிழில் மரியாதைச் சொல் கிடையாது. "பழகு. போறதுக்கு முன்னே பார்ப்பேன். வாய் கெட்டுப்போனா சுடுவேன்" என்றார். குதிரையின் வாயைத்தான் சொன்னார். முரட்டுக் கை இழுத்து இழுத்து, கடிவாளத்து இரும்பு பட்டு வாய் மரத்துப்போகும். அதற்குத்தான் அவர் பயந்தார்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லை. டச்சம்மாவே சொல்லிக் கொடுத்தாள். அப்பப்பா... என்ன கண்டிப்பு! கோணலாக உட்கார்ந்தால் நிற்பாள். குதிகாலால் இடித்தால் பக்கத்துத் தேயிலை நிரைக்குள் நுழைந்து, என் முழங்காலைச் செடியில் தேய்த்துக்கொண்டே போவாள். கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தாலோ... அவ்வளவுதான், கல் மாதிரி நின்றுவிடுவாள். கெஞ்சினாலும் கத்தினாலும் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை. கொழுந்தெடுக்கும் பெண்களின் கேலிக்குச் சொல்ல வேண்டுமா?

"டாக்டரய்யா, அதுக்கும் பேதி மருந்து குடுத்துப் பாருங்க!"

எத்தனை முறை விழுந்தேனோ! என் மருந்தை நானே பூசிக்கொண்ட காலம் அது.

மெதுவாகத்தான் புரிந்தது. என் பயம் வயிற்றில் இல்லை, கையில் இருந்தது. பயந்தால் இழுக்கிறேன். இழுத்தால் அவளுக்கு வலிக்கிறது. வலித்தால் நிற்கிறாள். நின்றால் 'முரட்டுக் குதிரை' என்று திட்டுகிறேன். பெற்ற பிள்ளைகளிடமும் கட்டிய மனைவியிடமும் நாம் இதைத்தானே செய்கிறோம்? இழுப்பது நாம்... வரவில்லையே என்று புலம்புவதும் நாம்.

ஒரு நாள் நல்ல மழை. குளிரில் விரல் விறைத்துப்போய் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. கடிவாளத்தைச் சும்மா ஏந்திக்கொண்டு மட்டும் இருந்தேன். டச்சம்மா காதை முன்னால் நிமிர்த்திக்கொண்டு, மேக்கணக்கு வரை ஓர் இடத்திலும் நிற்காமல் போனாள். பின்னால் ஓடி வந்த முத்துவேல் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"இன்னைக்குத்தான் அது உங்கள ஏத்திக்கிச்சுங்கய்யா."

அதற்குப் பிறகு, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் லயன் பிள்ளைகளின் மூக்கைப் பிடிப்பதை விட்டுவிட்டேன். கொஞ்சம் காத்திருந்தால் அவர்களே வாயைத் திறந்தார்கள்.

துரை பார்க்கும் நாள் வந்தது. பங்களா புல்வெளியில் நின்றுகொண்டு, நடக்க விடு, ஓட விடு, திருப்பு என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு விரல் அசைந்தால் போதும், டச்சம்மா திரும்பினாள். நான் இறங்கியதும் துரை வந்து அவள் வாயைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல கை" என்றார்.

முத்துவேல் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான். துரை என் பக்கம் திரும்பினார்.

"நீ சிலோனா, இந்தியாவா?"

எந்த நாட்டுக் குடியுரிமை என்று அந்தக் காலத்தில் எங்கள் சனங்களைப் பார்த்து எல்லோரும் கேட்ட கேள்வி அது. நான் பிறந்தது இதே பதுளையில்தான். ஆனால் அப்பா குடும்பத்தோடு என் பெயரையும் சேர்த்து இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். கூப்பிட்டால் கப்பலேற வேண்டியதுதான்.

"இந்தியாவுக்கு எழுதியிருக்குங்க தொரை."

"எப்போ போவே?"

"தெரியாதுங்க. கூப்பிடுறப்போ."

"நீ போனா குதிரைக்கு யார்?"

முத்துவேலைப் பார்த்தேன். அவனும் இந்தியாவுக்குத்தான் எழுதியிருந்தான். போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? போவதும் இருப்பதும் எங்கள் கையிலா இருந்தது? இருந்தும் கெஞ்சினேன். துரை டச்சம்மாவின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "காலையிலே" என்று முத்துவேலிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் குதிரை லாயத்துக்குப் போனேன். முத்துவேல் அவளுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தான்.

"முத்துவேல், இன்னைக்காவது ஒரு தரம் ஏறு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தலையை ஆட்டினான். "வேணாங்கய்யா. இத்தன வருசமா அது பின்னாடியே ஓடிட்டேன். கடைசி நாள்ல போயி அது முதுகுல பாரமா ஏறணுமா?"

நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்து முடிந்து சனங்கள் மலைக்குப் போன பிறகு சத்தம் கேட்டது. ஒரே வெடி. டிஸ்பென்சரியில் மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் முத்துவேல்தான். தளர்த்தியே பிடித்திருந்தானாம்.

துரை கப்பலேறினார். சில வருடம் கழித்து முத்துவேலும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பதுளை ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். எனக்கு வருகிற மாதம் என்றார்கள், அடுத்த வருடம் என்றார்கள்... என் முறை வருவதற்குள் நாட்டில் சண்டை மூண்டு அந்தக் கப்பலே நின்றுவிட்டது.

நான் போய்விடுவேன் என்றுதான் அவளைச் சுட்டார்கள். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.