தொழுவத்து வெங்காயம்

வெங்காயம் நறுக்கும் வாசனை எழுந்தால், இன்றும் கண் எரிவதற்கு முன்பே, இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் கிழக்கேகோட்டை வீட்டுத் தொழுவம் கண்முன் வந்து நிற்கும். அப்போது திருக்கொச்சி தனி மாநிலமாக இருந்த காலம். தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த அக்கா, கல்லூரி பூட்டிய விடுமுறையில், வேர்நுனிகளை வெட்டி ஆராய்வதற்காக, வெங்காயமே நுழையாத எங்கள் அக்ரஹார வீட்டுக்குள் நான்கு வெங்காயங்களைக் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பிய குப்பிகளின் வாயில் உட்காரவைத்து, வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"அப்பா கண்ல பட்டா என் படிப்பு அவ்வளவுதான். மூச்சு விடப்படாது, கேட்டியா!"

தண்ணீர் குறைந்தால் வேர் வாடும் என்பதால் தினமும் மத்தியானம் ஊற்றுவது என் வேலை. சாணமும் ஈர வைக்கோலும் மணக்கும் அந்த அரையிருட்டில், மாடு குளம்பை மாற்றி வைத்தால்கூட அப்பாவின் மிதியடிச் சத்தமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே, நாளுக்கு நாள் நீளும் வெள்ளை வேர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் விளையாட்டில் மறந்துபோய், சாயங்காலம்தான் நினைவு வந்து ஓடினேன். வைக்கோலை விலக்கினால், குப்பியின் கழுத்தில் சந்தன விரல்தடம் பதிந்திருந்தது. வீட்டில் சந்தனம் அரைப்பவர் அப்பா மட்டும்தான்.

நான்கு குப்பிகளிலும் தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருந்தது.