தூக்க மாத்திரை கேட்டால் காதல் தோல்வியா?

நாலு நாளாகத் தூக்கமே இல்லை. டாக்டர் ஐந்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். இனி வாங்குவது மட்டும்தானே, எவ்வளவு சுலபம்!

பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் கொண்டுவரும் ஆப், டாக்டர் சீட்டைப் பார்த்ததும் “இந்த மருந்தை அனுப்ப இயலாது” என்று கைவிரித்தது. சரி என்று சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன்.

கடைக்காரர் சீட்டைப் படித்தார். கருடசேவை அன்றைக்கு மைக்கில் அறிவிப்பது மாதிரி படித்தார்.

“தூக்க மாத்திரையா? உனுக்கா?”

மொத்தக் கடையும் திரும்பியது. இருமல் மருந்துக்கு நின்ற பக்கத்து வீட்டு அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எவன்மா அவன்?”

“எவனும் இல்லக்கா! தூக்கம் வரல, அவ்ளோதான்.”

“எல்லாப் பொண்ணுங்களும் இதத்தான் சொல்லிக்கினு இருக்குதுங்க. அண்ணே, குடுக்காதீங்க. நான் இவங்கம்மாவுக்கு போன் போடறேன்.”

எனக்கு வயது இருபத்தாறு. அம்மா வந்து வாங்கும் வரை, டிசி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி ஓரமாக நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டை பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் பூட்டப்பட்டது.

“படுக்கப் போறப்போ கேளு. ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தரேன்.”

இப்போது மணி ஒன்பது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா குறட்டை விடுகிறார்.

எழுப்பினால், “அவ்ளோ அவசரமா உனுக்கு?” என்று இந்தத் தடவை அம்மாவிடமிருந்து அந்த அக்காவுக்குப் போன் போகும்.

எழுப்பவா, வேண்டாமா? முழிச்சிருக்கிறவங்க சொல்லுங்கப்பா.