சைமாவுக்கென்று ஒரு சின்ன அண்டா

பூந்தமல்லியில் யாருக்காவது அரசாங்கத்தின் மேல் கோபம் வந்தால் நேராக ஷவுகத் அலி பாயிடம் போய் நின்றால் போதும், இரண்டு மடங்கு கோபத்தோடு திரும்பலாம். கல்யாணங்களுக்குத் தம் பிரியாணி போடுகிற மாஸ்டர் அவர். நான் பக்கத்தில் பாத்திரம் வாடகைக்கு விடும் ராஜசேகரன். என் அண்டாக்கள் அவர் அடுப்பிலும், என் காதுகள் அவர் பேச்சிலும் மாட்டிக்கொண்டு பல வருஷமாகிறது.

பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்த நாளிலிருந்து அவருக்கு அதே பாட்டுதான். "கவர வெச்சிகினு கீறவன புடிக்கிறான். கவர் செய்றவன் எங்க கீறான்னு அவனுக்குத் தெரியாதா நைனா?" என்று கத்துவார். கத்திவிட்டு, பார்சலை ஒழுங்காக வாழையிலையில் மடித்துக் கொடுப்பார். சூடான சோற்றைக் கவரில் போட்டால் நாறும் என்பது அவர் கட்சி. திருவேற்காட்டுப் பாலத்தில் கூவத்தைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், இவர் மாட்டார். "நம்ம கொட்னதுதான, நாமளே மோந்து பாப்போம்" என்பார். விறகடுப்புப் புகையைப் பற்றி யாராவது வாயெடுத்தால் மட்டும் அந்த அக்கறையெல்லாம் எங்கோ ஓடிவிடும். ரேஷன் அரிசி, ஆட்டுக்கறி விலை, பிராய்லர் கோழிக்குப் போடும் ஊசி, எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அப்பீல் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷன் வீட்டில்தான் சைமா கறி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஒரே மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். ஒரு நாள் சிக்னலில் அவள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் கோழி வண்டி ஒன்று வந்து நின்றிருக்கிறது. ஜன்னலுக்கு நேரே ஒரு கோழி, கால் கம்பியில் மாட்டிக்கொண்டு, அவளையே பார்த்ததாம். முதலில் கோழியை விட்டாள், அப்புறம் ஆடு, மீன் எல்லாவற்றையும். யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. "நான் யார்கிட்டயும் சாப்பிடாதீங்கன்னு சொல்லல அத்தா. என்னால முடியல, அவ்ளோதான்" என்றாள் அப்பாவிடம்.

பாய்க்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. என் கடையில் வந்து உட்கார்ந்து புலம்புவார். "என் கையால தின்னு வளந்த பொண்ணு, ஹலாலானத வேணாங்கறா. இன்னா சேகரு இது?" கோபம் மாதிரிதான் தெரியும். பெண் இளைத்துப் போய்விடுவாளோ என்கிற பயம்தான் அது. அந்தப் பயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். அவளுக்கென்று வைத்த பருப்பில் எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டார். தெரியாமல் தின்றால் என்ன, உடம்பில் ஒட்டினால் சரி என்பது அவர் நியாயம். நாலு வாய் உள்ளே போனதும் சைமாவுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடவில்லை. எழுந்து கை கழுவினாள். அன்றிலிருந்து தன் சோற்றைத் தானே பொங்கிக்கொண்டாள். அம்மா நசீம் பானு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அத்தா நீட்டிய தட்டை அவள் மறுபடி வாங்கவே இல்லை.

ஊரே அடித்துப் பிடித்துச் சாப்பிடும் கை, மகளுக்கு ஆகாத கையாகிவிட்டது. எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை ஃபயாஸ் வீட்டார் கீழக்கரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அவர்களிடம் சஹன் வழக்கம் இன்னும் உண்டு. பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவார்கள். கல்யாணத்தன்று பெண் தன் மாமியாரோடு ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். நசீம் பானு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "அதுக்கென்னம்மா, அன்னைக்கி அந்த சஹன்ல நாங்களும் காய்கறி பிரியாணியே சாப்பிட்டுக்கிறோம்" என்று ஃபயாஸின் அம்மா சட்டென்று முடித்துவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

அந்த சஹனுக்குத் தானே சமைப்பதாக பாய் சொன்னார். பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்தன்று அடுப்படியில் நிற்பதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "ஊட்ட வுட்டுப் போறதுக்குள்ள ஒரு வாயாவது அவ என் கையால திங்கணும், சேகரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார் என்னிடம். சைமாவைக் கேட்டதற்கு, சரி என்று தலையாட்டினாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கறியே படாத அண்டா வேண்டும் என்றார். அப்படி ஒன்று என் கடையில் ஏது? புதிதாகவே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கரண்டி, தட்டு எல்லாம் தனி. மண்டபத்துப் பின்பக்கம் பெரிய அண்டாக்களை அவர் கூட்டாளி கன்னியப்பன் கவனித்துக்கொண்டான். பாய் ஒரு ஓரமாக அந்தச் சின்ன அண்டாவின் முன் உட்கார்ந்து, கேரட்டையும் பீன்ஸையும் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே பெண்கள் பக்கம் சஹன் விரித்தாயிற்று என்று ஆள் வந்து சொன்னான். தம் உடைக்கும் நேரம். கறி மசாலா கொதிக்கும்போது மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்து, மூடியைத் திறந்ததும் சோற்றின் மேல் சுற்றி ஊற்றுவது பாயின் பக்குவம். அவர் பிரியாணியின் மணமே அதுதான். அதை வேறு யாரையும் செய்ய விடமாட்டார். கன்னியப்பன் கூப்பிட்டதும் எழுந்து போய் ஒவ்வொரு பெரிய அண்டாவிலும் ஊற்றினார். அதே வேகத்தில் திரும்பி வந்து, சின்ன அண்டாவைத் திறந்து, அதிலும் ஒரு சுற்று ஊற்றிவிட்டார்.

ஊற்றிய பிறகுதான் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். நானும் கன்னியப்பனும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

"வுடு பாய்" என்றான் கன்னியப்பன் மெதுவாக. "ஒரு கரண்டி எண்ண. யாருக்குத் தெரியப் போவுது? பொண்ணு சாப்புடறத கண்ணால பாரு, போ."

அவருடைய பழைய நியாயமேதான் அது. அதை அவரும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அண்டாவின் மேல் குனிந்து முகர்ந்தார். "ருசி சும்மா அள்ளும், சேகரு" என்றார். மூடியைப் போட்டு மூடினார். லுங்கியும் தோளில் துண்டுமாக, பெண்கள் பக்கத்துத் திரையை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடித் திரைக்கு வெளியே நின்றேன்.

"சைமா, நான் தப்பு பண்ட்டேன்மா" என்றார். "கைப்பழக்கத்துல கறி எண்ணய ஊத்திட்டேன். அது உனக்கு வேணாம்."

உள்ளேயிருந்து சைமாவின் குரல் கேட்டது. "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே அத்தா."

"உனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியுமே."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். "பெரியவங்களுக்கு வடிச்ச வெள்ளச் சோறு இருக்கும்ல?" என்றாள். "கத்திரிக்கா பச்சடியும் இருக்கும்ல? எடுத்துட்டு வாங்க. நீங்களே வைங்க."

பாய் ஓடினார். அந்த வயதில் அந்த உடம்போடு அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். பிரியாணிக்குப் பேர்போன மனுஷன், பெண் கல்யாணத்தில் வெறும் சோற்றையும் கத்திரிக்காயையும் சுமந்துகொண்டு வந்தார். திரை விலகியபோது எனக்கும் உள்ளே தெரிந்தது. வைத்த அவசரத்தில் பாதிப் பச்சடி தட்டுக்கு வெளியே விழுந்தது. மாமியார் அதைப் பார்க்காதது போல, பெண் முதலில் கை வைக்கட்டும் என்று காத்திருந்தார்.

சைமா தட்டில் என்ன இருக்கிறது, எந்த எண்ணெயில் செய்தது என்று எதுவுமே கேட்கவில்லை. மருதாணிக் கையால் பிசைந்து, அத்தாவைப் பார்த்துக்கொண்டே, முதல் வாயைச் சாப்பிட்டாள்.