கித்துல் கட்டைக் குடித்தனம்

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கதவு இருந்தது, பூட்டு கிடையாது. கங்காணியோ கணக்கப்பிள்ளையோ நினைத்த நேரத்தில் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். கூரை தோட்டத்துத் தொரையுடையது, சுவர் தொரையுடையது, அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையும் தொரையுடையது. இருந்தாலும் 'நம்ம ஊடு' என்றுதான் சொல்லிக்கொள்வோம். சொல்லுக்குக் காசா பணமா?

அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு நானும் ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தேன். அதைக் கலைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அந்தக் கதைதான் இது.

கேகாலைப் பக்கம், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்தது தோட்டம். தேயிலையைப் பிடுங்கிவிட்டு நட்ட ரப்பர் மரங்கள் நன்றாகப் பால் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டுகிறவர்கள். விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போவோம்.

தோட்டத்து எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமம். அங்கே கித்துல் என்கிற கூந்தல்பனையைச் சீவிப் பாணி காய்ச்சுகிற ஒருவர் எங்கள் லயத்துக்குப் பின்னால் போகிற ஒற்றையடிப் பாதையில்தான் தினமும் போய்வருவார். என்னை 'நங்கி' என்பார். சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம். நான் அவரை அண்ணே என்பேன். பட்டுப்போன கித்துல் மரம் ஒன்றை வெட்டியபோது, ஒரு துண்டை உள்ளே குடைந்து, இரண்டு பக்கமும் பலகை அடித்து, நடுவில் கை முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டையும் போட்டு எனக்குக் கொண்டுவந்து தந்தார்.

“மரத்துல கட்டி வைங்க நங்கி. மீ மெஸ்ஸோ எனவா. தேன் பூச்சி தானா வரும்.”

லயத்தின் பின்பக்கம் மலையை வெட்டி நிறுத்திய மண்கரை. கரைக்குக் கீழே ஒரு பாய் அகலத்துக்கு என் கீரைப் பாத்தி, அதன் ஓரத்தில் ஒரு பலா மரம். பலாக் கிளையில் கட்டையைக் கட்டினேன். கரைமேல் ஏறி நின்றால் ஓட்டை என் கண்ணுக்கு நேராக இருக்கும். தேனை எந்தப் போத்தலில் ஊற்றி வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வந்தது மைனா. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒரு சோடி மைனா ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்ப்பதும், வெளியே வந்து ஒன்றுக்கொன்று தலையை ஆட்டிச் சத்தம் போடுவதுமாக இருந்தது. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். ஓடவில்லை. கிளையில் உட்கார்ந்து, கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் பளிச்சென்று தெரிய, என்னைப் பார்த்து வைதது பாருங்கள், மாமியாரிடம்கூட நான் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. அந்தத் தைரியம் எனக்குப் பிடித்துப்போனது. கணக்கப்பிள்ளை இருமினாலே குனிந்துகொள்கிற கூட்டம் நாங்கள். இத்தனூண்டு பறவை யாருக்குமே குனியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை விட்டு வந்ததும் கரைமேல் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வைக்கோல் வந்தது, கோழி இறகு வந்தது, கொடியில் காய்ந்த என் ரவிக்கையின் கிழிசல் வந்தது. ஒருநாள் பாம்புச் சட்டை ஒன்றை முழுசாக இழுத்துக்கொண்டு வந்து திணித்தது. பிறகு ஒட்டுப்பால் வந்தது. ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டின்மேல் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கிடக்கும். அதற்குத்தான் ஒட்டுப்பால் என்று பேர். மறுநாள் புதிதாக வெட்டுவதற்கு முன்னால் அதை உரித்துப் பையில் போட்டு, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் உரிப்பதற்கு முந்தி மைனா உரித்துக்கொண்டு வந்துவிடும்.

நீல முட்டைகள் இட்டது. சாரைப்பாம்பு ஏறாமல் இருக்க மரத்தைச் சுற்றி எலுமிச்சை முள்ளைக் கட்டினேன். குஞ்சு பொரித்தபோது மயிரில்லாத சிவப்புச் சதையும் மஞ்சள் வாயும்தான் இருந்தன. பார்க்கச் சகிக்காது. ஆனால் தாயும் தகப்பனும் வெட்டுக்கிளி, புழு, குட்டித் தவளை என்று ஓயாமல் கொண்டுவந்து கொட்டின. திரும்பும்போது குஞ்சின் எச்சத்தை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரப் போட்டுவிட்டு வரும். எங்கள் லயத்துச் சாக்கடைக் கானைவிட அந்தக் கட்டை சுத்தமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான், ஒட்டுப்பாலைத் திருடிக் கடைவீதியில் விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கணக்கப்பிள்ளை லயம் லயமாகச் சோதனை போட்டார். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து, எங்கள் அரிசிப் பானைக்குள் கையை விட்டார், பாயை உதறினார். ஒன்றும் கிடைக்காமல் பின்பக்கம் வந்தவர் பலாவை அண்ணாந்து பார்த்தார். கட்டையின் ஓட்டையிலிருந்து இரண்டு மூன்று ஒட்டுப்பால் நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

“இது என்னா?”

“மைனாக் கூடுங்க ஐயா.”

“ஓகோ. மைனாவும் பால் வெட்டுதோ?”

“நாங்க வெட்டுறோம்ங்க. அது தூக்கிட்டு வருதுங்க.”

“யாருகிட்ட புள்ள கத அளக்கிற?” என்று சொல்லிக்கொண்டே கரைமேல் ஏறி ஓட்டைக்குள் கையை விட்டு இழுத்தார். கையோடு வந்தது பாம்புச் சட்டை. ஐயோ என்று உதறினார், கால் வழுக்கிற்று, என் கீரைப் பாத்தியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு மைனாவும் தலைப்பாகையின்மேல் பாய்ந்து கொத்தின.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அந்த இடத்தில் மாரியாத்தாளே நின்றிருந்தாலும் சிரித்திருப்பாள்.

கணக்கப்பிள்ளை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “நாளைக்கு இந்தக் கட்டைய எறக்கிப் பெரட்டுக்குக் கொண்டா. எல்லாரு முன்னுக்கும் ஒடச்சுப் பாப்போம், உள்ளுக்கு எம்புட்டு ஒளிச்சு வச்சிருக்கேன்னு.”

“உள்ள குஞ்சு இருக்குங்க ஐயா. பறந்த பொறகு நானே கொண்டாறேன்.”

“குஞ்சுக்கு நான் தவணை குடுக்கணுமா? நாளைக்குக் கொண்டா.”

அன்று சோறு தின்னும்போது வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். “துண்டக் கிழிச்சுக் கையில குடுத்துட்டா எங்க போவோம்? நான் எறக்கிடுறேன் புள்ள.” துண்டு என்பது வேலையை விட்டு நிறுத்திக் கொடுக்கிற சீட்டு. அது கைக்கு வந்தால் காம்பராவும் போய்விடும். அவர் பயந்ததில் தப்பே இல்லை. எனக்கும் பயம்தான். ஆனால் ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“எறக்கினீங்கன்னா, நாளையில இருந்து உங்க சோத்த நீங்களே ஆக்கிக்கங்க.”

அவர் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு, கரைமேல் ஏறி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

மறுநாள் பெரட்டில் என் முறை வந்தது.

“கட்டைய எறக்கினியா?”

“எறக்கலீங்க.”

“சரி. ஒன்னோட வெட்டு ஆழமாப் போயி மரம் காயமாகுது. அரைப்பேரு.”

அரைப்பேர் என்றால் முழுநாள் வேலைக்குப் பாதி நாள் சம்பளம். என் கத்தி மரத்தைக் காயப்படுத்தியதே இல்லை. அது அவருக்கும் தெரியும். அதற்கடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே அரைப்பேர். பக்கத்தில் நின்ற பெண்கள் முழங்கையால் இடித்தார்கள். ஒரு மைனாவுக்காகவா என்று கேட்டார்கள். மைனாவுக்காக மட்டும் இல்லை. என் அரிசிப் பானைக்குள் கைவிட்டபோது நான் பேசாமல் நின்றேன். பாயை உதறியபோதும் நின்றேன். அந்தக் கட்டை ஒன்றுதான் தொரை கொடுக்காதது, கங்காணி கொடுக்காதது. அதற்குள் கைவிட மட்டும் விடமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

கடைசியில் கணக்கப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. பெரட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “இன்னைக்கு அந்தப் பலாவையே வெட்டப் போறேன். கோடாலிக்கு ஆள் சொல்லியாச்சு.”

நான் கத்தியையும் வாளியையும் பெரட்டுக்களத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். வேலைக்குப் போகாமல் திரும்புவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. நேராக வந்து பலா மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேலே குஞ்சுகள் இறகு முளைத்து, ஓட்டையில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. நாலைந்து நாள் விட்டால் பறந்துவிடும்.

லயத்து ஆண்களில் ஒருவரும் கோடாலி எடுக்க முன்வரவில்லையாம். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குக் காய்ச்சல். அதனால் கணக்கப்பிள்ளை கிராமத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோளில் கோடாலியோடு வந்து நின்றது யார் என்று பார்த்தால், அந்தக் கித்துல் அண்ணன். எந்த மரம், எதற்கு வெட்டுவது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

என்னைப் பார்த்தார். பிறகு மேலே, தான் குடைந்த கட்டையைப் பார்த்தார். தாய் மைனா வாயில் வெட்டுக்கிளியோடு வந்து இறங்கியது. உள்ளேயிருந்து அத்தனை வாயும் திறந்தன.

“பவ்,” என்றார். பாவம் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். கணக்கப்பிள்ளையிடம் திரும்பி, “மட்ட பே, மாத்தயா,” என்றார். என்னால் முடியாது ஐயா என்றுவிட்டுக் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

அவருக்குச் சொந்தமாக வயல் இருந்தது, வீடு இருந்தது. அவர் முடியாது என்றால் யாரும் துண்டு கிழித்துக் கொடுக்க முடியாது. எனக்கு அப்படி ஒன்றுமில்லை. இருந்தாலும் அதே சொல்லை நானும் சொன்னேன்: “என்னாலயும் முடியாதுங்க ஐயா. மொதல்ல என்னைய வெட்டிட்டு மரத்த வெட்டுங்க.”

கணக்கப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். லயத்து வாசல்களில் வேலைக்குப் போகாத கிழங்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “குஞ்சு பறந்த அன்னைக்கே கட்ட ஸ்டோருக்கு வரணும். இல்லாட்டி துண்டுதான்,” என்றுவிட்டுப் போனார். அன்று எனக்கு அரைப்பேர்கூட இல்லை.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. கடைசிக் குஞ்சு ஓட்டையில் உட்கார்ந்து பயந்துகொண்டே இருந்தது. தாய் எதிர் மரத்திலிருந்து வைது வைதே அதைக் கிளப்பியது. அது தத்தித் தத்திக் கரைமேல் விழுந்து, எழுந்து, ரப்பர் மரங்களுக்குள் போய் மறைந்தது. நான் கரைமேல் ஏறிக் கட்டையை அவிழ்த்தேன்.

சொன்ன சொல் தவறக் கூடாதல்லவா? அன்றைக்கே எல்லாரும் பால் நிறுக்கிற நேரம் பார்த்துக் கட்டையை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் பலகையைப் பெயர்த்துக் கவிழ்த்தேன். வைக்கோல், இறகு, என் ரவிக்கைத் துணி, மிச்சப் பாம்புச் சட்டை, கடைசி நாட்களில் சேர்ந்த எச்சம் எல்லாம் கொட்டியது. நாற்றம் குடலைப் பிரட்டியது. நான் குந்தியிருந்து ஒட்டுப்பால் நாடாக்களை மட்டும் பொறுக்கித் தராசுத் தட்டில் வைத்தேன்.

“தோட்டத்துச் சொத்துங்க ஐயா. ஒரு இழை கொறையல. நிறுங்க.”

“தூக்கி வெளிய போடு அத,” என்றார் மூக்கைப் பொத்திக்கொண்டு.

“எல்லாரு முன்னுக்கும் பாக்கணும்னு சொன்னது நீங்கதானுங்க.”

தட்டு அசையவே இல்லை. வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, “இம்புட்டுக்குத்தானா இத்தன நாளா அரைப்பேரு?” என்றாள். பிறகு ஸ்டோர் முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் கணக்கப்பிள்ளை முன்னால் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“போ, போ,” என்றார் கணக்கப்பிள்ளை.

“முழுப்பேரு எழுதுங்க, போறேன்.”

எழுதினார். வெட்டிய அரைப்பேர்கள் திரும்பி வரவில்லை. அதற்காக நான் கெஞ்சவுமில்லை. சாயங்காலமே பலகையைத் திரும்ப அடித்து, அதே கிளையில் கட்டையைக் கட்டினேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அடுத்த முறையும் மைனா வந்தது, ஒட்டுப்பாலைக் கொண்டுவந்து ஓட்டையில் தொங்கவிட்டது. கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தால் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

நாங்கள் அந்தத் தோட்டத்தில் இருந்த வரைக்கும் எங்கள் காம்பராவுக்குப் பூட்டு வரவில்லை. ஆனால் யாரும் கைவிட முடியாத வீடு ஒன்று அந்த லயத்தில் இருந்தது. அதை நான் கொடுத்தேன்.