பாதியில் நின்ற சண்டைகள்

போன ஐப்பசி முழுக்க என் மனைவியோடு போட்ட சண்டையில் எல்லாம் நான்தான் ஜெயித்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. மல்லாங்கிணறு பக்கம் எங்கள் சோளக்காட்டில் அவள் பேச ஆரம்பித்தால், நான் அடுத்த காட்டுக்கு நழுவிவிடுகிற ஆள். அந்த மாதம் மட்டும், காலையில் நன்றாகத்தான் ஆரம்பிப்பாள். பொழுது சாயச் சாய வார்த்தை குழறி, மூக்கால் பேசுகிற மாதிரி ஆகி, பாதியிலேயே நிறுத்திவிடுவாள். இமை தொங்கிப்போகும். இரண்டு வாய் சோறு தின்றதும் தட்டைத் தள்ளிவிடுவாள். கோபம் வந்தால் பட்டினி கிடப்பது அவள் வழக்கம் என்பதால், நானும் வீம்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் போல ஒரு மடையன் எங்கே கிடைப்பான்!

ஒரு சாயங்காலம் அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியது. பதறிப்போய் விருதுநகருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"நரம்பு சொல்றதத் தசை கேக்கவிடாம, அவுக ரத்தத்துலயே ஒண்ணு தடுக்குது" என்றார் டாக்டரம்மா. "அது பிளாஸ்மாவுல கலந்திருக்கு. அதப் பிரிச்செடுத்துட்டு வேற மருந்துத் தண்ணி ஏத்தணும். ஒருநாள் விட்டு ஒருநாள், அஞ்சு தடவ. மூச்சுத் தசையும் சோந்துட்டா ஆபத்து, பாத்துக்கிடுங்க."

கழுத்தில் குழாய் போட்டார்கள். மிஷின் அவள் ரத்தத்தை இழுத்து, சிவப்பை அவளுக்கே திருப்பிக் கொடுத்து, மஞ்சள் நீரை மட்டும் ஒரு பையில் இறக்கியது. பார்க்க அசல் கடலை எண்ணெய்தான். அவள் குரல் இல்லாத வீட்டில் நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வெளிய போய் அழுங்கண்ணே, அவுக பயந்துருவாக" என்று நர்ஸ் விரட்டினார்.

மூன்றாவது தடவை முடிந்த மறுநாள், இமையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கரண்டித் தண்ணீர் ஒழுங்காகத் தொண்டையில் இறங்கியது. எனக்கு உயிர் வந்தது. "ஏதாச்சும் பேசு தாயி. எம்புட்டு வேணும்னாலும் திட்டு" என்றேன்.

குரல் கம்மித்தான் வந்தது. அவள் திட்டவில்லை.

"ஒரு மாசமா எனக்கு என்ன செய்யுதுன்னு ஒரு தடவ கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."